சண்டை போடாமல் செய்த லோகோ

டிஜிட்டல் ஓவியப் போட்டி ஒன்றுக்கு லோகோ, போஸ்டர், சான்றிதழ் எல்லாம் செய்து தர ஒப்புக்கொண்ட அதே வாரத்தில்தான், பிரிந்துவிடுவது என்று அவனும் அவளும் முடிவு செய்தார்கள். கல்யாணமானதிலிருந்து ஒரே அறையில், முதுகுக்கு முதுகு உட்கார்ந்து டிசைன் வேலை பார்ப்பவர்கள். வரைவது அவன், எழுத்தும் நிறமும் அவள் பொறுப்பு.

"இந்த வேலைய முடிச்சுட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்," என்றான்.

"சரி."

விஷயம் அவனுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

முன்பெல்லாம் ஒரு மஞ்சளுக்காக அறை இரண்டுபடும். "இது மஞ்சளா, மஞ்சக்காமாலையா?" என்பாள், அவன் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டான். இப்போது, தூரிகையால் இழுத்தது போல ஒரு வளைவை வரைந்து, அதன் வாலைச் சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிதறவிட்டு அனுப்பினான். "நல்லாருக்கு," என்றாள். அவள் கருநீலம் வைத்தாள். "வச்சுக்கோ," என்றான். உண்மையில் நன்றாக இருக்கிறதா என்று இருவருக்கும் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல வேலை நடந்தது. சொன்ன தேதிக்கு முன்பே முடிந்தும்விட்டது. அது அவர்கள் சரித்திரத்திலேயே கிடையாது.

இடையில் அவனுடைய அம்மா அவளுக்குப் போன் செய்தாள். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களாம்மா?"

"பேசிக்கிறோம் அத்தை. சண்டையே இல்ல."

"சண்டை போட்டப்பவே தேவலாம்," என்று போனை வைத்துவிட்டாள் அத்தை.

போட்டியின் செயலாளரான பெண்மணிக்கு எல்லாமே பிடித்துப்போயிற்று. "புருஷன் பொண்டாட்டின்னா இப்படியில்ல ஒத்துமையா இருக்கணும்!" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் "தேங்க்ஸ்" என்றார்கள்.

தொடக்க விழாவில், மேடைக்குப் பின்னால் சுவரளவு திரையில் லோகோ வந்தது. கூட்டம் கைதட்டியது. அவள் கண் நேராக ஒரே இடத்துக்குப் போனது. 'டிஜிட்டல்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளி, மேலே இருந்த வளைவில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய திரையில் அது ஈ உட்கார்ந்தது போலத் தெரிந்தது.

"அந்தப் புள்ளி," என்றாள்.

"ம். அன்னைக்கே பாத்தேன்."

"பாத்தியா? ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா அனுப்பின மாதிரி இருந்துச்சு. எதுக்கு வம்புன்னு..."

"சந்தோஷமா? நானா?" அவள் குரல் உயர்ந்தது. முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடானது. எத்தனையோ வாரமாக உடம்பில் எங்கும் ஒன்றும் உறைக்காமல் இருந்தவளுக்கு அந்தச் சூடு விசித்திரமாக இருந்தது. "ஊரே பாக்குது! ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னவாம் உனக்கு?"

"நீ மட்டும் என்ன சொன்ன? அந்த வளைவு எனக்கே பிடிக்கல. நல்லாருக்குன்னுட்ட!"

அவளுக்கும் அது பிடித்திருக்கவில்லை. அதைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். மேடையில் யாரோ பேச ஆரம்பிக்க, இருவரும் அடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.