குறச்சு கிட்டும்

பட்டாபி காலையில் கடை ஷட்டரை ஏற்றியதும் பழவங்காடி கணபதி கோயில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போடுவார். கை குவிந்தபடியே இருக்கும். கண் மட்டும் எதிர்க்கடை வாசலுக்குப் போய், அங்கே எவ்வளவு செருப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பும்.

பட்டாபியின் ஜவுளிக்கடை அவர் அப்பா காலத்தது. எதிர்க்கடை போன ஓணத்துக்கு முளைத்தது. பாறசாலைப் பக்கத்துப் பெண் ரெம்யா நடத்துகிறாள். நாலு பேர் உள்ளே போனால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்றுதான் மூச்சு விட வேண்டும். அப்படியும் செருப்புக்குக் குறைவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். தினமும் ரெம்யா ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொள்வாள். அவள் புருஷன் ஜெயன் ஃபோனைப் பிடிப்பான். "என்றெ பொன்னு சேச்சிமாரே" என்று அக்காமாரை அழைத்து ஆரம்பித்து, நீங்கள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் முடித்துவிடுவாள். அதன்பிறகு கழக்கூட்டத்திலிருந்தும் நெடுமங்காட்டிலிருந்தும் பெண்கள் ஃபோனை நீட்டிக்கொண்டே வந்து இறங்குவார்கள். ஃபோனில் பார்த்த புடவை இதுதானா என்று ஒரு தடவை ஒத்துப் பார்ப்பார்கள். விலை கேட்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

விலை கேட்காமல்! கூட்டத்தைக்கூட பட்டாபி பொறுத்துக்கொண்டிருப்பார். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் வளர்ந்த உலகத்தில் பேரம் என்பது இரண்டு பேர் மாறி மாறிப் பொய் சொல்லி, கடைசியில் ஓர் உண்மைக்கு வந்து சேர்வது. அவர் ஒன்று சொல்லுவார். வாங்க வந்த அம்மாள் அதில் பாதி சொல்லுவாள். அவர் நெஞ்சில் கை வைப்பார். அவள் எழுந்து படி வரைக்கும் போவாள். "வா தாயே, உனக்காகக் குறச்சு தரேன்" என்று அவர் கூப்பிடுவார். இதற்குள் அவளுடைய மாமியார் குணம், பையன் படிப்பு, புருஷனின் சர்க்கரை வியாதி எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எதிர்க்கடைக்கு வருகிறவர்களுக்குப் புருஷன் இருக்கிறானா என்றுகூட ரெம்யாவுக்குத் தெரியாது. ஆனாலும் விற்றுத் தீர்க்கிறாள்.

"இன்னும் கொஞ்ச வருஷம் போனா கடைக்கு வாசலே வேண்டாம் சாமி, நல்ல ஒரு லைட்டு போதும்" என்று ஜெயன் ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னான். பட்டாபி தன் கடைக்குத் திரும்பி, மேலே கண்ணடித்துக்கொண்டிருந்த ட்யூப்லைட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

அவரும் ஒரு ரீல் போட்டுப் பார்த்தார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுப்பதுபோல விறைத்து நின்று, "நல்ல சரக்கு, நம்பிக்கையான சரக்கு" என்றார். சில பேர் பார்த்தார்கள். அதில் பாதி, நன்றாக வந்திருக்கிறதா என்று அவரே பார்த்தது. மீதி அவர் தங்கை சாவித்ரி.

அந்தச் சாவித்ரி ஒருநாள் மத்தியானம் மகள் ஸ்மிதாவை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஸ்மிதாவுக்கு தை மாதம் கல்யாணம். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் அவர்கள் குடும்பத்துக் கல்யாணம் எதுவானாலும் துணி பட்டாபி கடையில்தான். அதைப் பற்றி இதுவரை யாரும் பேசியதே கிடையாது. சூரியன் கிழக்கே உதிப்பதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

"மாமா, ஒரேயொரு புடவை மட்டும் வெளியிலேருந்து. பாக்கி எல்லாம் உங்ககிட்டேதான்" என்றாள் ஸ்மிதா.

"எது அந்த ஒண்ணு?"

அவள் ஃபோனை நீட்டினாள். ரெம்யாவின் தோளில் ஒரு வெளிர்பச்சைப் புடவை வழிந்துகொண்டிருந்தது.

"இது பச்சையா? வாழையிலையை வெயில்ல வெச்சு வாட்டின மாதிரின்னா இருக்கு."

"இதுக்குப் பேரு பிஸ்தா, மாமா."

"பிஸ்தா திங்கறதுக்காக்கும். உடுத்திக்கறதுக்கில்லே."

"நீங்க அம்மானா நின்னு எனக்குக் குடுக்கப்போற புடவை இதுவா இருக்கணும்னு எனக்கு ஆசை."

பட்டாபிக்குக் காது சூடாயிற்று. "நான் குடுக்கற புடவை எதிர்க்கடைப் பையில வரணுமா? அம்மான் ஜவுளிக்கடைக்காரன், பொண்ணு எதிர்க்கடையில எடுத்தாள்னு தெருவே பேசும். அப்புறம் நான் இங்கே உக்காந்து யாருக்கு என்ன விக்கறது?"

"அண்ணா, குழந்தை ஆசைப்படறா" என்றாள் சாவித்ரி.

"ஆசைப்பட இங்கே ஒண்ணும் இல்லையா? சுத்திப் பாரு!"

ஸ்மிதா சுற்றிப் பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கோ, மாமா. உங்க மனசு கஷ்டப்பட்டா எனக்கு அது வாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் பட்டாபி ஜெயித்திருப்பார். இப்படிச் சொன்னவளிடம் என்ன செய்வது? கோபம் முழுவதும் தெருவைத் தாண்டி ரெம்யாவின் மேல் போய் உட்கார்ந்தது.

அன்று மத்தியானத்தூக்கத்தை விட்டுவிட்டு அவர் ஃபோனில் ஒரு மனிதனைப் படைத்தார். பெயர் ஹரிகுமார், ஊர் வட்டியூர்க்காவு. முகத்துக்கு ஒரு யானைப் படம். ஹரிகுமார் நேராக அந்தப் பிஸ்தா புடவை ரீலுக்குக் கீழே போய், மலையாளத்தில் ஒரே வரி எழுதினான்: "எதிர் கடயில் குறச்சு கிட்டும்."

எதிர்க்கடையில் விலை குறைத்துக் கிடைக்கும் என்பது பட்டாபியின் எண்ணம். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்ந்த நாக்கு அவருடையது. 'குறச்சு' அவருக்குத் தொழில் மந்திரம். கடையில் நின்று அதைச் சொல்லும்போது தலை ஒருபக்கம் சாயும், கை காற்றில் விலையைப் பிடித்துக் கீழே இழுக்கும். மலையாளிக்கும் புரியும், தமிழனுக்கும் புரியும். எழுத்தில் கையும் கிடையாது, தலையும் கிடையாது. மொட்டையாக எழுதினால் மலையாளத்தில் அதற்குக் 'கொஞ்சம்' என்றுதான் பொருள். எதிர்க்கடையில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று அவர் தன் கடையைப் பற்றியே ஊருக்கு அறிவித்திருந்தார்.

கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மை முகங்கள் வந்தன. தன்னோடு சேர்ந்து ரெம்யாவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டாபி குளிர்ந்துபோனார். அப்போதுதான் 'மஞ்சாடி' என்று யாரோ எழுதினார்கள்: "அவிடெ குறச்சல்ல, ஒருபாடு உண்டு. அறியாதெ பறயருது."

அங்கே கொஞ்சம் இல்லை, நிறைய இருக்கிறது, தெரியாமல் பேசாதே என்று அதற்குப் பொருள். பட்டாபியோ, அங்கே குறைக்க மாட்டார்கள், விலை நிறைய என்று படித்தார். மஞ்சாடியாவது மண்ணாவது, ரெம்யாதான் முகமூடி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். நேரில் எந்தப் பெண்ணிடமும் "வா தாயே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியறியாத மனிதர். யானை முகத்துக்குப் பின்னால் அவருக்கு வேறு வாய் முளைத்தது. "புடவை உடுத்தத் தெரியாதவளுக்கு வாய் மட்டும் ஒன்பது கெஜம்" என்று எழுதினார். மஞ்சாடி பதில் சொன்னாள். "உன்னைக் கட்டிக்கொண்டவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும்" என்று எழுதினார். எழுதிவிட்டு, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. அந்த வாரம் முழுக்க, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சண்டைக்கு மேலே இருந்த புடவையையும் பார்த்தார்கள். பட்டாபி ஒரு தடவை திட்டினால் ரெம்யாவின் ரீலுக்குப் பத்து தெருவில் விளம்பரத் தட்டி வைத்த பலன். பதில் வந்திருக்கிறதா என்று அவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் பார்த்தவர் கணக்கு ஏறியது. ஏறியதைப் பார்த்து வயிறு எரிந்தது. எரிச்சலில் மறுபடியும் திட்டினார். எதிர்க்கடை வாசலில் இப்போது செருப்பு தெருவுக்கே இறங்கிவிட்டது.

ஸ்மிதா மறுபடியும் வந்தாள். தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, அந்தப் புடவை வாண்டாம். எந்தப் புடவையும் வாண்டாம்."

"எந்தாச்சு கொழந்தே? நான் யோசிக்கறேன்னுதானே சொன்னேன்?"

"அதுக்கில்லே. இதைப் பாருங்கோ." ஃபோனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். யானை பட்டாபியைப் பார்த்தது. "யாரோ ஹரிகுமாராம். உங்க கடையில சரக்கு கொறச்சுதான் இருக்குன்னு எழுதிட்டான். ஊரெல்லாம் சிரிக்கறது. எனக்குக் கேட்டுண்டு இருக்க முடியுமா? நெறைய இருக்குன்னு எழுதினேன். அதுக்கு என்னை என்னெல்லாம் சொல்லியிருக்கான், படிச்சேளா?"

"நீயா எழுதினே?"

"மஞ்சாடி நானாக்கும், மாமா."

கோயில் முன்னால் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பட்டாபிக்கு அது தன் தலைக்குள் உடைந்ததுபோல இருந்தது. 'குறச்சு' என்ற சொல் இப்போதுதான் அவருக்கு மலையாளத்தில் கேட்டது.

"அவாத்துலயும் படிச்சிருக்கா. மஞ்சாடி நான்னு அவாளுக்குத் தெரியுமே" என்றாள் ஸ்மிதா. "பொண்ணுக்கு வாய் ஒம்பது கெஜமாமேன்னு மாமியார் ஃபோன்ல கேக்கறா. சிரிச்சுண்டேதான் கேட்டா. ஆனா கேட்டாளே, மாமா!"

பட்டாபி எழுந்தார். "வா."

"எங்கே?"

"எதிர்க்கடைக்கு. அந்தப் பிஸ்தாவை எடுத்துத் தரேன்."

அவர் அந்தத் தெருவைக் குறுக்கே கடந்து யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குத் தேங்காய் விற்கும் ரத்னாபாய் வாய்விட்டே கேட்டாள்: "சாமிக்கு வழி தெத்தியோ?" பட்டாபி காதில் வாங்காதவர்போல, செருப்புக் குவியலுக்குள் தன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"வாங்க சாமி! ஏங்க, அந்த ஸ்டூலை இங்க போடுங்க" என்று ரெம்யா ஜெயனை விரட்டினாள். அவள் முகத்தில் நக்கல் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தார். இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. புடவை விரிந்தது. விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தார். மட்டமாக இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டார். நல்ல துணி. இந்த நெசவுக்காரன் தன்னிடம் ஏன் வரவில்லை?

முந்தானையில் விலைச்சீட்டு தொங்கியது. வாயைத் திறக்கக் கூடாது என்று படியேறும்போதே நினைத்திருந்தார். ஆனால் நாற்பது வருஷத்து வாய் அவரைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? தலை ஒருபக்கம் சாய்ந்தது. கை காற்றில் எதையோ பிடித்துக் கீழே இழுத்தது.

"மோளே, குறச்சு குடு."

ரெம்யா, ஸ்மிதாவைப் பார்த்தாள். ஸ்மிதா மாமாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை இன்னும் காற்றிலேயே இருந்தது.

"குறச்சு போதுமா சாமி? இல்ல முழுப் புடவையும் வேணுமா?" என்றாள் ரெம்யா. குரலில் குறும்பு இருந்தது, குத்தல் இல்லை. "வட்டியூர்க்காவு ஹரிகுமாருக்கு ஒம்பது கெஜம் எப்பிடித் தெரியும்னு நான் அன்னைக்கே ஜெயன்கிட்ட கேட்டேன். அங்க யாரு சாமி ஒம்பது கெஜம் கட்டுகா?"

ஸ்மிதா புடவையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"மாமா."

பட்டாபி விலைச்சீட்டையே படித்துக்கொண்டிருந்தார். அதில் படிக்க ஒரே ஓர் எண்தான் இருந்தது.

"அந்த யானை எங்கேருந்து கெடைச்சுது மாமா?"

"கூகிள்ல" என்றார் பட்டாபி. "நீன்னு தெரியாது கொழந்தே. இவளாக்கும்னு நெனைச்சேன்."

"இவளா இருந்தா சொல்லலாமோ?"

ரெம்யா புடவையை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டாள். ஸ்மிதாவுக்கு அழுகை வந்தது. யானையை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகம் பட்டாபிக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருந்தது. விலை சொல்வதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஒண்ணு இங்கே, பாக்கி எல்லாம் உங்ககிட்டேன்னு அன்னிக்கு சொன்னேன். இப்போ மாத்தி. ஒம்பது கெஜம் ஒண்ணு மட்டும் உங்ககிட்டே. பாக்கி எல்லாம் இங்கே."

"பாதிக்குப் பாதி?" என்றார் பட்டாபி மெதுவாக.

"ஃபிக்ஸட் ரேட், மாமா. எங்க மாமியாருக்கு நீங்களே ஃபோன் பண்ணி, அந்த ஹரிகுமார் யாருன்னு சொல்லணும். அதுவும் சேர்த்துதான் ரேட்."

அவர் சரி என்று தலையாட்டினார். சீட்டில் இருந்ததை எண்ணிக் கொடுத்தார். பையை வாங்கும்போது ரெம்யா, "சாமி, நீங்க மோளுக்குப் புடவை குடுக்கிற மாதிரி ஒரு சின்ன ரீல் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஜெயன் ஒரு விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினான்.

மறுநாள் அந்த ரீல் பிஸ்தா புடவையையும் தாண்டி ஓடியது. தன் கடையில், கண்ணடிக்கும் ட்யூப்லைட்டுக்குக் கீழே பட்டாபி அதைப் பார்த்தார். எதிர்க்கடை வெளிச்சத்தில் அவர் பத்து வயது குறைந்து, யாருக்கும் பிடிக்கிற மாமாவாக நின்று, சிரித்தபடி புடவையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஈ மாமன் கொள்ளாம்" என்று யார் யாரோ பாராட்டியிருந்தார்கள். இந்த முகத்தோடுதானே இங்கே அவர் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறார்? ஒருத்தராவது கொள்ளாம் என்று சொன்னதுண்டா? அந்தக் கடைக்குள் நின்ற பட்டாபியின் மேல் இந்தக் கடைக்குள் இருந்த பட்டாபிக்குப் பொறாமையாக இருந்தது.

தான் பார்க்கப் பார்க்க ரெம்யாவின் கணக்குதான் ஏறுகிறது என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு பெண் படியேறி வந்து, "இவிடத்தே மாமனல்லே ஆ ரீலில்?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். அவள் செருப்பைக் கழற்றும்வரை பார்த்திருந்துவிட்டு, பட்டாபி கட்டைவிரலால் ரீலை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டார்.