பெயர் கேட்காத சர்வே

ஈப்போவில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில், நிரலாளர்கள் படும் பாட்டை அறிய சர்வே தயாரித்தவள் கலாதேவி. பெயர் கேட்கக்கூடாது, எந்தக் குழு என்றும் கேட்கக்கூடாது என்று மேலாளர் விக்னேஸ்வரனிடம் மல்லுக்கட்டி ஜெயித்திருந்தாள். பெயர் தெரிந்தால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்பது அவள் வாதம்.

உண்மையைத்தான் எழுதினார்கள். சோதனை சர்வர் அடிக்கடி படுத்துவிடுகிறது, சாப்பிட உட்கார்ந்தால் வாடிக்கையாளர் போன் வருகிறது. வெள்ளிக்கிழமை காலை பதில்களைத் தொகுத்துக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றுபோனாள். 'உங்கள் வேலை எளிதாக நாங்கள் என்ன செய்யலாம்?' என்ற கேள்விக்கு யாரோ எழுதியிருந்தார்: 'ஒன்றும் வேண்டாம். இந்த வாரத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அம்மாவுக்கு மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள்.'

உடனே அதை மேலாளரிடம் காட்டினாள்.

"வேலைய விடப் போறான் லா," என்றார் விக்னேஸ்வரன்.

"வேலைய விடுறவன் அம்மாகிட்ட அவனே சொல்ல மாட்டானா, பாஸ்?"

அவர் முகம் மாறியது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிரோஷாவிடம் ஓடினாள் கலாதேவி.

"யாருன்னு கண்டுபிடிக்க வழியே இல்லக்கா. எதையும் பதிவு பண்ணாதன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் நிரோஷா.

'அம்மாவுக்குச் சொல்லச் சொன்னவர் யாராக இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள், தயவுசெய்து' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். போன் அடிக்கவேயில்லை. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள் அது. ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் சிரித்தார்கள். கோகிலன் எடுக்கவேயில்லை. சுங்காய் ஊரிலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவன். மாதக்கணக்கில் வாடிக்கையாளர்களின் அவசர அழைப்புகள் எல்லாம் அவன் தலையில்தான் விழுந்தன. காரை விரட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்துபோய்க் கதவைத் திறந்தான்.

"நீயாடா எழுதுன?"

"நான் எழுதலக்கா." தரையைப் பார்த்தான். "ஆனா உங்க மெசேஜப் பாத்ததும், நான்தான் எழுதிட்டேனோன்னு இருந்துச்சு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னும் யாரு பாக்கி? பாதிப் பேர நான் கூப்பிடுறேன்," என்றான்.

சாயங்காலம் வரை இருவரும் அழைத்தார்கள். எல்லாரும் பேசினார்கள், நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனைக் கீழே வைக்காமல் கிடந்தாள்.

திங்கட்கிழமை எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் வந்துவிட்டார்கள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் விக்னேஸ்வரன்.

"தெரியல, பாஸ். அவசர அழைப்பு வேலையிலேருந்து கோகிலன விடுவிச்சிட்டேன், உங்ககிட்ட கேக்கல. அடுத்து யார விடுவிக்கணும்னுதான் தெரியல."