முப்பது வயதுத் தாத்தா

லியாவ் திங்ஷியு தம் எழுபத்து நாலாவது வயதில், குல மண்டபத்தில் நாற்பது பேர் பார்க்க, முப்பது வயதுக்காரன் ஒருவன் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, "வாங்க தாத்தா" என்றார். முழங்கால் நெட்டி முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருமலாக மாறியது.

வேறு வழியில்லை. லியாவ் குலத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயரில் ஓர் எழுத்து உண்டு. ஷி, சுவான், திங், குவாங், ஜூ என்று அந்த ஐந்தும் மண்டபத்து உத்தரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர் திங். வந்தவனோ தன்னை லியாவ் ஷிலோங் என்றான், வெளியூர் பிழைக்கப் போன கிளை என்றான். ஷி என்றால் இரண்டு தலைமுறை மேலே. கடைக்குட்டி வழியில் வந்தவர்களுக்கு வயது குறைவாக இருக்கும், முறை குறையாது. குலப்பதிவேட்டைக் காக்கிறவரே முறை தவறலாமா? தாத்தா என்று அழைக்கப்பட்டபோது வந்தவன் ஒரு நொடி திருதிருவென விழித்தான். பிறகு தலைநாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

"அப்ப இவரு எனக்கு யாரு?" என்று தம்பி பேத்தி ஹுய்லின் கேட்டாள்.

"எள்ளுத்தாத்தா. வாயை மூடிட்டுக் கும்பிடு."

விருந்தில் மூத்தவருக்கென்று வைக்கிற வாத்துத் தலை மூன்று நாளும் அவனுக்குத்தான் போனது. மூன்றாம் நாள் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "ஹுய்லினை நாளைக்கு என்னோட அனுப்பு. தெற்கே கடலோரத்துல ஓட்டல் வேலை. போன் வேண்டாம், அங்கே புதுசு தருவாங்க. அடையாள அட்டை எங்கிட்ட இருக்கட்டும்." ஹுய்லினுக்குப் பதினைந்து வயது. பெற்றோர் தொலைதூரத் தொழிற்சாலையில். அவள் அன்றே பையைக் கட்டிவிட்டாள். தாத்தா சொல்லைத் திங்ஷியு எப்படித் தட்டுவார்?

தட்டச் சொன்னவள் குய்லான் ஒருத்திதான். ஒன்றுவிட்ட தம்பி மகள், கிராமப் பெண்கள் குழுத் தலைவி. பிள்ளைகளைக் கடத்துகிறவர்கள் பற்றி அவள் மண்டபச் சுவரில் ஒட்டிய நோட்டீசை, நம் வீட்டுப் பெண்களுக்கு இது அவமானம் என்று போன மாதம்தான் அவர் கிழித்திருந்தார்.

"அந்தாளு யாருன்னு விசாரிச்சீங்களா பெரியப்பா?"

"தாத்தாவைச் சந்தேகப்படற வழக்கம் இங்க இல்ல."

மறுநாள் காலை, பத்து மணி பஸ்ஸுக்கு முன், பயணம் போகிற பெண்ணை மூத்தவர் தலைமுறை எழுத்துகளைச் சொல்லி வாழ்த்த வேண்டும் என்றார் திங்ஷியு. தாத்தா அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"ஜூ, குவாங், திங், சுவான், ஷி."

திங்ஷியுவின் முதுகு இன்னும் நேரானது. பழைய செதுக்கல். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இவன் செய்தித்தாள் படிக்கிற மாதிரி இடமிருந்து படித்திருக்கிறான். பேரன் முறையில் நுழைய நினைத்து, கடைசி எழுத்து என்று முதல் எழுத்தைப் பொறுக்கிக்கொண்டு, தாத்தாவாகிவிட்டான். அந்தக் காலில்தான் அவர் விழுந்திருக்கிறார்.

கூடியிருந்த யாருக்கும் புரியவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் எப்போதும் புரியாது. மானம் தப்பும். ஹுய்லின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு கோப்பை தேநீர் குடிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியே குய்லான் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினார்.

அவள் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "என்னைப் பதினாறு வயசுல கூட்டிட்டுப் போய் வித்தப்ப, நெசவு வேலைக்குப் போயிருக்கான்னு ஊர்ல சொன்னீங்க. ஆறு வருசம் யாரும் தேடல. இவனைப் பத்தியாவது உங்க வாயாலயே உண்மையைச் சொல்லுங்க" என்று போலீசை அழைத்து, போனை அவர் காதில் வைத்தாள்.

"அந்த ஆளு உங்களுக்கு என்ன உறவு?"

"தாத்தா."

"உங்க வயசு?"

"எழுபத்தி நாலு."

"அவருக்கு?"

"முப்பது இருக்கும்."

"பெரியவரே, காலையிலேயே குடிச்சிட்டீங்களா?"

திங்ஷியு கண்ணை மூடிக்கொண்டார். "அவன் எனக்கு யாருமில்ல. பொண்ணைக் கடத்த வந்திருக்கான். பேரை நம்பி ஊரறிய அவன் கால்ல விழுந்தேன். லியாவ் திங்ஷியு. எழுதிக்கோங்க."

போலீஸ் வர நாற்பது நிமிடம் ஆகும். பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான்.

மண்டபத்துக்குத் திரும்பியவர் உரக்க அறிவித்தார். "தாத்தா ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னால, குலத்துல ஒவ்வொருத்தரும் தனித்தனியா விழுந்து கும்பிடணும்." அன்று காலை வரை அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. அவர் சொன்னால் இருந்ததாகத்தான் அர்த்தம். நாற்பது பேர் வரிசை கட்டினார்கள். முதலில் அவரே விழுந்தார். எழுந்திருக்க வேண்டுமென்றே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பதினான்காவது ஆள் கும்பிடும்போது கீழே பஸ் ஹாரன் அடித்தது. தாத்தா பாதி எழுந்தான்.

"உக்காருங்க தாத்தா. இன்னும் இருபத்தாறு பேரு." அவன் தோளை அழுத்திய திங்ஷியுவின் கை கிழவனின் கைபோல் இல்லை.

பஸ் போய்விட்டது. ஹுய்லின் திங்ஷியுவை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். இன்று அவள் மன்னிக்கப் போவதில்லை. ஊர் திரும்பிய நாளிலிருந்து மண்டபத்துக்குள் கால் வைக்காத குய்லான், ஒரு முக்காலியை இழுத்து வந்து வாசற்படிக்கு உள்ளே குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்த சூரியகாந்தி விதைகளில் ஒன்றைக் கடித்து, தோலை அந்தப் புனிதத் தரையில் துப்பினாள். இன்னொன்று. இன்னொன்று. திங்ஷியு அந்தத் தோல்களைப் பார்த்தார். பிறகு வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.