மக்கள்தொகை இரண்டு, குடும்பங்கள் இரண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. மாவட்டக் கையேட்டின் அட்டவணையில் கிடைத்தது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. வட்டம், குறுவட்டம், கிராமம் என்று இறங்கிக்கொண்டிருந்த விரல் ஒரு வரியில் நின்றது. ஆண் ஒன்று, பெண் ஒன்று. மக்கள்தொகை இரண்டு. குடும்பங்கள், இரண்டு.

ஊரே காலி. மிச்சமிருப்பது இரண்டே பேர். அவர்களுக்குள்ளும் தனித்தனி அடுப்பா?

மேலாளரைப் போனில் கேட்டேன். "ரெண்டு பேருக்கு ரெண்டு குடும்பமா? தட்டச்சுப் பிழையா இருக்கும் சார். ஒண்ணுன்னு திருத்தி சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

2

திருத்தாமல், ஏன் இரண்டு என்று ஒரு கதை எழுதிப் பார்த்தேன். முதல் தொடக்கம்: "அண்ணனுக்கும் தங்கைக்கும் சொத்துத் தகராறு..." வேண்டாம், அரைத்த மாவு.

இரண்டாவது: "கணவன் கிழக்குத் தெருவில், மனைவி மேற்குத் தெருவில், இருவரும் பேசி..."

[நிறுத்திவிட்டேன். இது என் வீட்டுக் கதை.]

3

மூன்றாவது தொடக்கத்தில் ஒரு மோட்டார்காரர் வந்தார். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். ஊர் காலியான பிறகும் தவறாமல் போடுகிறார். தொட்டி நிறைகிறது, குடிக்கத்தான் அவரைத் தவிர ஆளில்லை. கணக்கெடுக்க ஒரு டீச்சர் வருகிறார்.

"ஊர்ல எத்தனை பேருங்க?"

"பார்த்தா தெரியலையா டீச்சர்? ஆள் ஒண்ணு. நாய் கணக்குல வருமா?"

"வராது."

"ஒரே ஆள்னா பக்கத்து ஊரோட சேர்த்துடுவாங்களாம். மோட்டாரையும் கழட்டிடுவாங்க. அப்புறம் நான் எங்க போறது? ரெண்டுன்னு போட்டுக்குங்களேன்."

"இல்லாத ஆளை எப்படிங்க எழுதுறது?"

"அது சரி, உங்களை எழுதியாச்சா?"

டீச்சரை யாரும் எழுதியிருக்கவில்லை. பகலெல்லாம் அவர் ஊர் ஊராக எண்ணிக்கொண்டிருக்க, அவருடைய ஒற்றை அறைக்குக் கணக்கெடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். டீச்சர் மாற்றலில் வந்தவர். 'அந்த டீச்சர் விட்டுப்போச்சே' என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை.*

"அப்போ இங்க வந்துடுங்க. எதிர்வீடு காலிதான். தண்ணிக்குப் பஞ்சமே இல்லை."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "பொய்யா எழுத மாட்டேன். எழுதினா வந்து இருக்கணும். அதுவும் தனிக் குடும்பம்னுதான் எழுதுவேன்."

"அட, தாராளமா! தனியாவே இருங்க. எதிர்ல இன்னொரு விளக்கு எரிஞ்சா போதும்."

* கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். 'என்னையும் சேர்த்துக்கோங்க' என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

4

சந்தேகம் எனக்கும் உண்டு. டீச்சர் நிஜமாகவே குடிவந்தாரா? வந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். பிறகு, அவர் வரவில்லை, மோட்டார்காரர் இன்னும் எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று இன்னொன்றும் எழுதினேன். அதைப் படித்தால் எனக்கே தாங்கவில்லை, கிழித்துப் போட்டேன். வந்தார். வந்தே தீர வேண்டும்.

என் வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். "எத்தனை பேர் சார்?" "ஒண்ணு." "குடும்பத் தலைவர்?" "நானே ராஜா, நானே மந்திரி." வந்த பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு அழுதேன். வேறொரு தெருவில் என் மனைவியும் இதேபோல 'ஒண்ணு' என்று சொல்லியிருப்பாள்.

5

மேலாளர் மறுபடி அழைக்கிறார். "என்ன சார், திருத்தியாச்சா?"

திருத்தினால் வேலை முடிந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, சுபம். ஆனால் அவர்களைக் கேட்காமல் ஒரு கூரைக்கடியில் தள்ள நான் யார்? ஒரு வீட்டிலேயே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாதா?

"சார், லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன். பிழை என்று நீங்களும் நினைத்தால், இந்தாருங்கள் பென்சில், நீங்களே ஒன்று என்று போடுங்கள். போடும் முன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: இரண்டு வீட்டில் எந்த விளக்கை அணைக்கப் போகிறீர்கள்?