வெளுத்த உதடு

துணி வெட்டும் மேசையில் வைத்த சாக்கட்டிகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. "இந்தக் கம்பெனியில எலிகூட சாக் திங்குது" என்றார் கட்டிங் மாஸ்டர். தையல்காரிகள் சிரித்தார்கள். அவர்களில் மாசமாக இருந்த ஒருத்தி மட்டும் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மிஷினில் இருந்த அவளுடைய நாத்தனாருக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"வாயத் திற."

நாக்கில் வெள்ளைப் பொடி.

"என்னமோ அத பார்த்தாலே வாய் ஊறுது அண்ணி. கையக் கட்டிப்போட்டாத்தான் உண்டு."

"சத்து மாத்திரை குடுத்தாங்களே?"

"வயித்தப் பெரட்டுதுன்னு விட்டுட்டேன்."

நாத்தனார் ஈர முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். பொடி போய்விட்டது. உதட்டின் வெளுப்பு மட்டும் போகவில்லை.

அப்போதே ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வலி கண்டுவிட்டது. நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரத்தத்த வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் நடமாடினாங்க?" என்றாள்.

குழந்தை பூனைக்குட்டி போலப் பிறந்தது. ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டு, இன்னும் வேண்டும் என்றார்கள். எந்த வகை ரத்தம் கொடுத்தாலும் ரத்த வங்கியில் மாற்றிக்கொள்ளலாமாம். நாத்தனார் கையை நீட்டினாள். விரலைக் குத்திப் பார்த்தவர் தலையசைத்தார்.

"உங்களுக்கே பத்தாதும்மா."

செய்தி கேட்டுக் கம்பெனி வேனில் தையல்காரிகள் வந்து இறங்கினார்கள். வந்த வேகத்தில் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியின் விரலைக் குத்தினார்கள், வேண்டாம் என்றார்கள். அடுத்தவளுக்கும் அதேதான். வாட்டசாட்டமானவள் என்று எல்லோரும் கேலி செய்யும், பட்டன் துளை தைக்கும் காஜாக்காரியையும் திருப்பி அனுப்பினார்கள். கையில் பஞ்சைப் பிடித்தபடி ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் அவள் புருஷன், நாத்தனாரின் தம்பி, ஓடிவந்து கொடுத்தான். பொழுது சாயும்போது, "பிழைச்சுட்டாங்க" என்று நர்ஸ் சொன்னாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

வேன் கிளம்ப நின்றது. தையல்காரிகளில் புதுசாகக் கல்யாணமான ஒருத்தி, ஏறப்போனவள், நாத்தனார் பக்கம் திரும்பி வந்தாள்.

"அக்கா, எனக்கு இந்த மாசம் தள்ளிப் போயிருக்கு" என்றாள். அவளையும்தான் வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள்.