ஏழு ஏ

மகளின் வகுப்புத் தேர்வுகளுக்கான மதிப்பெண் அட்டையில் ஏழு இடங்களில் ‘ஏ’ இருந்தது. மூன்றில் மட்டும் எண்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வேலையிடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, எண் வந்த தேர்வுகளுக்காக மகளைச் செல்லமாகக் கடிந்தும் கொண்டார்.

“எழுபத்தெட்டுன்னு ஒண்ணு நிக்குது பாரு. அதையும் ஏ ஆக்கிடு கண்ணு.”

பத்தாம் வகுப்பு மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆகவே வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பியபோது, பாராட்டத்தான் போலும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தார்.

“சார், ‘ஏ’ன்னா ஆப்சென்ட். பரீட்சைக்கே வரலைன்னு அர்த்தம்.”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மகள் தன் ஷூ நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏண்டி சொல்லல?”

“நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா. கெடுக்க மனசு வரல.”

“இன்னும் நாலு நாள் லீவு போட்டா பொதுத்தேர்வு எழுத விடமாட்டாங்க,” என்றார் டீச்சர்.

“எல்லாம் இவ ஆடுற அந்த வாலிபால் பண்ற வேலை. இன்னிக்கே நிறுத்திடறேன்,” என்றார் அப்பா.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். திங்கள், புதன், வெள்ளி எல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தன. செவ்வாயும் வியாழனும் மட்டும் ஒன்றுவிடாமல் வந்திருந்தாள். வாலிபால் பயிற்சி அந்த இரண்டு நாள்தான். எண்கள் வந்த மூன்று பரீட்சைகளும் அந்த நாள்களில் நடந்தவையே.

அப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பழுதைக் கண்டுபிடிக்கும்போது வரும் அமைதி அவர் முகத்தில் வந்தது.

“ரெண்டு மாடிக்கு ஒழுங்கா போற லிஃப்ட்ல மோட்டார் கெட்டிருக்காது டீச்சர். மத்த மாடியில கதவு திறக்கலை, அவ்ளோதான். திங்கக்கிழமை இங்க என்ன இருக்கு?”

“சாயங்காலம் குழுப்பாட்டு.”

“என் தொண்டை தகர டப்பாப்பா,” என்றாள் மகள்.

“வாயை மட்டும் அசை. யார் கேக்கப் போறா? புதன்கிழமை?”

“நாடகம். மேடையில அட்டை மரம் தூக்க ஆள் இல்லாம தவிக்கிறாங்க,” என்றார் டீச்சர்.

“இவ தூக்குவா. வாலிபாலும் இருக்கட்டும்.”

டீச்சர் சிரித்துவிட்டார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் பின்வரிசையில் நின்று வாயை அசைத்தாள். புதன்கிழமை அட்டை மரத்தைச் சுமந்தாள். தோள் வலிக்கிறது என்று இரவு உணவின்போது பெருமையோடு புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை எதுவுமே இல்லை. காலை ஏழு மணிக்கு அப்பா வேலைக்குக் கிளம்பினார். இன்றைக்கு இழுத்துப் போர்த்திக்கொள்வாள் என்று நினைத்துக் கதவருகே தயங்கினார். உள்ளேயிருந்து தலைசீவியபடி வந்தாள்.

“இன்னிக்கு என்ன இருக்கு?” என்றார் மெல்ல.

“வரலாறு டெஸ்ட். அப்புறம், நாடகத்துல எனக்குப் பக்கத்து மரம் இருக்கா இல்ல, அவளுக்கு வருஷமே மனசுல நிக்க மாட்டேங்குது. சீக்கிரம் போய்ச் சொல்லிக்குடுக்கணும். வழி விடுங்கப்பா.”

அவர் வழி விட்டார்.