ஏழும் பதினொன்றும்

மாமியாரின் நம்பிக்கைக்கு அந்தப் பண்ணையில் விலை, கன்று ஒன்றுக்கு முப்பது முடி. வாலிலிருந்து வேரோடு பிடுங்கி, காது நம்பர் எழுதிய உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பெரிதானால் எவ்வளவு கறக்கும், நோய் தாங்குமா என்று மரபணுவைப் படித்து இப்போதே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு கிடேரிக் கன்றுகளில் எட்டை வைத்துக்கொண்டு, மதிப்பெண் குறைந்த நான்கை விற்பதாக மாமியார் முடிவு செய்திருந்தார். தீனி அவ்வளவுதான் இருந்தது.

வேலை மாப்பிள்ளையிடம் வந்தது. துணிக்கடையில் பத்து வருடம் மீட்டர் அளந்தவர். கடை மூடியதும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து எட்டு மாதம். அதுவரை அவரை நம்பிக் கொடுத்த பெரிய பொறுப்பு, கேட்டைப் பூட்டுவது.

பத்துக் கன்றுகள் ஒழுங்காக முடிந்தன. பதினொன்றாம் நம்பர் ஒரே உதையில் வாளியைச் சுவரோடு ஒட்டியது. மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். ஏழாம் நம்பர் சாது. முன்பு கொடுத்த முப்பதோடு இன்னொரு முப்பதும் கொடுத்தது. ஒரே துணித் தானில் கிழித்த இரண்டு துண்டுக்கு இரண்டு பில் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆய்வகத்துக்குத் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவர் போனுக்கு வந்த பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘7, 11 இரண்டும் ஒரே விலங்கின் மாதிரிகள். சரிபார்க்கவும்.’ மாப்பிள்ளை மதிப்பெண்களை மட்டும் உரக்கப் படித்தார். ஏழும் பதினொன்றும் கடைசி.

“பதினொண்ணோட தாய்தானேம்மா நம்மகிட்ட நிறையக் கறக்குது?” என்றாள் அவர் மனைவி.

“எனக்கும் மனசு வரலை. கண்ணுக்குப் பிடிச்சதையெல்லாம் வளர்த்துத்தானே இத்தனை வருஷம் கையைச் சுட்டுக்கிட்டேன்?” என்ற மாமியார் திரும்பினார். “உங்க கையால எடுத்தது மாப்பிள்ளை. தப்பா இருக்குமா?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்று மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் வியாபாரி வண்டியோடு வந்தார். விலை பேசி, பணம் கைமாறி, மூன்று கன்றுகள் ஏறின. பதினொன்று முன்னங்கால்களைப் பலகையில் வைத்து முரண்டு பிடித்தது. மாமியார் அதன் கழுத்தைத் தடவி, “போ கண்ணு” என்றார்.

“அத்தை, ஏத்தாதீங்க.” மாப்பிள்ளை முழுவதையும் சொன்னார். வாளி, ஏழு, அந்தக் கடைசி வரி எல்லாமும்.

மாமியார் வியாபாரியிடம் திரும்பி, “இது இல்லைங்க” என்றார்.

“என்னக்கா இது! ஏறின மாடு இறங்குமா?”

“எங்க ஏறிச்சு? முன்னாடி பாதிதான் ஏறிருக்கு. பின்னாடி பாதி இன்னும் என்னுதுதான்.”

“அப்போ முன்பாதியை வெட்டிக் குடுங்க!”

அரைமணி நேரம் பேசி, பதினொன்றின் விலையையும் அதற்கு மேல் அறுநூறையும் வாங்கிக்கொண்டு வியாபாரி கிளம்பினார்.

“இப்பவாவது பிடுங்குங்க” என்று மாமியார் கன்றின் தலையைக் கட்டிப் பிடித்தார். முப்பது முடி கிடைத்தது. தொடையில் ஓர் உதையும் கிடைத்தது.

“இதுவும் கடைசியா வந்தா அத்தை?”

“அப்போ விக்கலாம். தெரிஞ்சு விக்கிறது வேற.”

தீனிக் கணக்கு நோட்டைத் திறந்து மாமியார் எழுதினார்:

செலவு: வியாபாரிக்கு 600. மறுசோதனை 900. தொடைக்குத் தைலம் 80. ஆக 1580.

வரவு: வண்டி கிளம்புமுன் மாப்பிள்ளை வாய் திறந்தது, 1500.

பாக்கி: 80. மாப்பிள்ளை தர வேண்டியது.